ரானெட் ஓடை

ஆர்ட்லோவன், லோவன் சேகரம்
9 மார்ச் 1931

அன்புள்ள தம்பி ரூரிக்கு,

கர்த்தருடைய இரக்கத்தால் நான் சுகம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது. நீயும் உன் நாயும் உன் பண்ணை ஆடுகளும் அந்தக் கடைக்கோடிக் காற்றில் சுகமாய் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே ஆடுகள் இன்னும் குட்டி போடத் தொடங்கவில்லை. மலைத் தலையில் பனி கிடக்கிறது.

எனக்குப் புது வேலை ஒன்று வந்திருக்கிறது. சர்வே அலுவலகம் நம் சேகரத்து வரைபடத்தை மறுபடி அச்சிடப்போகிறதாம். மலை, பாறை, சுனை, ஓடை என்று நூற்றுப் பன்னிரண்டு பெயர்களை எழுதி, ஒவ்வொன்றும் சரிதானா என்று ஊரில் கேட்டு ஒப்பமிட்டு அனுப்பச் சொல்லி, போதகருக்குத் தாள்கள் வந்தன. போதகருக்கு நம் கேலிக் மொழி பிரசங்கத்துக்கு மட்டும் வரும், சேற்றுக்கும் பாறைக்கும் வராது. "பொறந்தவங்க பேரு, செத்தவங்க பேரு எல்லாம் நீங்கதானே எழுதறீங்க. மலையையும் சேர்த்து எழுதிடுங்க" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நூற்றுப் பத்து பெயர்களில் சிக்கல் இல்லை. எழுத்துப் பிழைகள்தான். மீதி இரண்டுதான் என்னைக் குழப்புகின்றன. ஊருக்கு மேலே பச்சைச் சரிவின் இரு பக்கமும் ஓடும் நம் இரண்டு ஓடைகள். கீழே ஓடுவது வெண்ணெய் ஓடை, சரிவைத் தாண்டி மேலே ஓடுவது புள்ளி ஓடை. அம்மா அப்படித்தான் சொல்லுவாள். 1905 கோடையில் அளந்து அச்சிட்ட வரைபடத்திலோ கீழ் ஓடைக்குப் புள்ளி ஓடை என்று போட்டிருக்கிறது. மேல் ஓடைக்கு "ரானெட் ஓடை." வெண்ணெய் ஓடை எங்குமே இல்லை. முதலில் தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று திருப்பிப் பார்த்தேன்.

ரானெட் என்று இந்தச் சேகரத்தில் இருப்பது ஒருத்திதான், முர்டோவின் மனைவி. உயிரோடு கோழி வளர்த்துக்கொண்டிருப்பவள் பெயரை யார் ஓடைக்கு வைப்பார்கள்?

அந்தக் கோடையில் சர்வேக்காரரோடு கோல் பிடித்து மலையெல்லாம் நடந்தவன் நீ. அவருக்கு இந்தப் பெயர்களை யார் சொன்னது? உனக்கு நினைவிருக்கும்.

உன் சுகத்தை எழுது. கம்பளிக் காலுறைகள் தனியே அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
மார்சலி


பாட்டகோனியா
2 மே 1931

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் முழங்காலுக்கு ஆட்டுக் கொழுப்பைச் சூடாக்கித் தேய். இங்கே எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். காலுறைகள் வந்தன. இடது கால் வலது காலைவிட நீளம், ஆனாலும் சூடு சரியாக இருக்கிறது.

உங்களுக்குக் கோடை என்றால் எங்களுக்குக் குளிர்காலம். அதற்குள் நாலாயிரம் ஆடுகளைத் தாழ்நிலத்துக்கு இறக்கிவிட்டோம். காற்று வடமேற்கிலிருந்து பத்து நாளாக நிற்கவில்லை. சமையல்காரன் ரொட்டியை வெளியே ஆறவைத்தான், அது வேலியைத் தாண்டிப் போய்விட்டது. நாய் துரத்திப் பிடித்து, திருப்பிக் கொடுக்காமல் தின்றுவிட்டது.

டூகல் இன்னும் படகில் போகிறாரா? பழைய போதகரின் மகள்கள் எங்கே? வடக்கு வீட்டுக் கூரையை மாற்றினார்களா? எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

சர்வேக்காரர்கள் இங்கிலீஷ்காரர்கள். அவர்கள் காதில் எது விழுந்ததோ அதை எழுதுவார்கள். முன்காலத்தில் வேறொரு ரானெட் இருந்திருக்கலாம். இத்தனை வருடத்துக்குப் பிறகு யாருக்கு என்ன நினைவிருக்கப்போகிறது?

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் தம்பி,
ரூரி


ஆர்ட்லோவன்
20 ஜூன் 1931

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. நீ சுகமாய் இருப்பது நிம்மதி. நானும் அப்படியே. சதுப்பில் எரிமண் வெட்டி முடித்து, கட்டிகளைக் காயவைத்திருக்கிறோம். மழை வராவிட்டால் குளிர்காலத்துக்கு அடுப்புக்குக் கவலையில்லை.

குழப்பம் தீரவில்லை, கூடிவிட்டது. டூகலைக் கேட்டேன். எழுபத்து மூன்று வயதாகிறது, இன்னும் படகில்தான் இருக்கிறார்.

"மேல் ஓடை பேரு என்ன, டூகல்?"

"எங்கேருந்து பார்த்தா?"

"எங்கேருந்து பார்த்தா என்ன, ஓடை ஒண்ணுதானே."

"கடல்லேருந்து பார்த்தா அது வெள்ளைக் கயிறு. கோயில் கோபுரத்துக்கு நேரா அது வந்துதுன்னா, வலை போடலாம். மலை மேல ஏறினா அதுக்கு என்ன பேருன்னு ஆட்டுக்காரனைக் கேளு. நான் எதுக்கு மலை ஏறணும்?"

வடக்கு வீட்டில் "புள்ளி ஓடைன்னா புள்ளி புள்ளியா கல்லு கிடக்கும், மேல்தான்" என்றார்கள். அதே வீட்டு மருமகன் "இல்ல, புள்ளிங்கறது மீனு. மீன் கீழ் ஓடையிலதான் ஜாஸ்தி" என்றான். பேசிக்கொண்டிருந்தவர்கள் சண்டைக்கே போய்விட்டார்கள், நான் எழுந்து வந்துவிட்டேன். முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் ரானெட் ஓடை என்கிறார்கள். பள்ளிச் சுவரில் அந்த வரைபடம்தான் தொங்குகிறது. அச்சில் இருப்பதை அவர்கள் நம்புகிறார்கள், காதில் கேட்டதை நான் நம்புகிறேன். சில நாள் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. அம்மா புள்ளி ஓடை என்று சொன்னது மேல் ஓடையைத்தானே? நீதான் சொல்ல வேண்டும்.

கடைசியில் ரானெட்டிடமே போனேன். கோழிகளை வெளியே விரட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் பேருல ஒரு ஓடை இருக்கே, தெரியுமா?"

"தெரியும். பள்ளிக்கூடத்துல என் பிள்ளைங்களைக் கேலி பண்ணியிருக்காங்க."

"யார் வச்ச பேரு?"

"என்னைக் கேட்டா? நான் என்ன பேர் வைக்கற ஆளா? நீங்கதானே அக்கா பதிவு பண்றவங்க." அதற்குமேல் கோழிகளோடுதான் பேசினாள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தில் ஊரில் எல்லாரையும் விசாரித்திருந்தாய். முர்டோ வீட்டை மட்டும் விட்டுவிட்டாய். மறந்துவிட்டாயா?

அன்போடு,
மார்சலி


ஆர்ட்லோவன்
18 ஜூலை 1931

அன்புள்ள ரூரி,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். சுகத்தைப் பற்றி எழுத இன்று கை வரவில்லை. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

எஸ்டேட்டைப் போன வருடம் வாங்கிய புதுத் துரையின் வக்கீலிடமிருந்து நம் ஐந்து வீடுகளுக்கும் கடிதம் வந்திருக்கிறது. 1888 ஒப்பந்தத்தில் நமக்குக் கடற்கரையிலிருந்து "புள்ளி ஓடை வரை" மேய்ச்சல் உண்டு. வரைபடத்தில் புள்ளி ஓடை கீழே ஓடுகிறது. ஆகவே அதற்கு மேலே உள்ள நிலம் நம்முடையது அல்லவாம். இத்தனை நாள் தவறாக மேய்த்திருக்கிறோமாம். டிசம்பருக்குள் பச்சைச் சரிவை விட்டு எல்லா ஆடுகளையும் இறக்கிவிட வேண்டும். அங்கே அவர் மான் வளர்க்கப்போகிறார்.

அந்தச் சரிவு இல்லாமல் நமக்கு என்ன இருக்கிறது? கடற்கரைப் புல்லும் உப்பும். மூன்று வீடு மூட்டை கட்ட வேண்டியதுதான். முதலில் போவது முர்டோ வீடாக இருக்கும். அவன் ஆடுகள் அத்தனையும் மேலேதான்.

நில நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். நவம்பர் இருபத்து நாலாம் தேதி அதிகாரி இங்கே வந்து விசாரிப்பார். வடக்கு வீட்டார் ஒன்று சொல்வார்கள், அவர்கள் மருமகன் ஒன்று சொல்வான், டூகல் வெள்ளைக் கயிறு என்பார். துரையின் வக்கீலோ அச்சடித்த தாளை நீட்டுவார். யார் ஜெயிப்பார்கள் என்று உனக்கே தெரியும்.

அந்தச் சர்வேக்காரரோடு நடந்தவர்களில் உயிரோடிருப்பது நீ ஒருவன்தான். அவருக்கு யார் என்ன சொன்னார்கள் என்று எழுது. பக்கத்திலுள்ள ஊர்த் தலைமை அதிகாரி முன் ஒப்பமிட்டு அனுப்பு. கடிதம் வந்துசேர ஏழு வாரம் ஆகும் என்பதை மறக்காதே.

மார்சலி


பாட்டகோனியா
30 ஆகஸ்ட் 1931

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூன் மாதக் கடிதம் கிடைத்தது. எரிமண் நன்றாகக் காய்ந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சுகம்தான், இரண்டு விரல் மட்டும் குளிரில் மரத்துப்போய் இன்னும் திரும்பவில்லை.

இந்த வருடப் பனி மாதிரி இங்கே வந்தபின் பார்த்ததில்லை. ஆடுகள் வேலியோரம் ஒதுங்கி அப்படியே புதைந்துவிட்டன. நீளமான கம்பியால் பனியைக் குத்திக் குத்தித் தேடினோம். மெத்தென்று பட்டால் ஆடு. பதினேழு நாள் புதைந்திருந்த ஒரு பெட்டை ஆடு உயிரோடு வந்தது. பக்கத்து ஆட்டின் கம்பளியைத் தின்று பிழைத்திருக்கிறது. வெளியே எடுத்ததும் என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டது, நான்தான் புதைத்தேன் என்கிற மாதிரி.

அம்மா எதை எப்படிச் சொல்லுவாள் என்று கேட்டிருந்தாய். எனக்கு அம்மாவின் குரலே மங்கிவிட்டது அக்கா. அச்சில் இருப்பதை அப்படியே ஒப்பமிட்டு அனுப்பிவிடேன். வரைபடத்தை யார் படிக்கிறார்கள்? தண்ணீர் ஓடுகிற இடத்தில்தானே ஓடும்.

யாரையும் மறக்கவில்லை. எழுதும்போது விடுபட்டிருக்கும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ரூரி


பாட்டகோனியா
5 அக்டோபர் 1931

அக்கா,

ஜூலை மாதக் கடிதம் நேற்றுதான் வந்தது. தபால் கொண்டுவரும் வண்டி பனியில் சிக்கி ஒரு மாதம் வழியில் கிடந்ததாம். நீ இதை எழுதிய பிறகு நான் எழுதிய கடிதத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அதைக் கிழித்துப் போடு.

மேல் ஓடைதான் புள்ளி ஓடை. கீழே வெண்ணெய் ஓடை. அம்மா சொன்னது சரி, உன் நினைவும் சரி. சர்வேக்காரருக்குத் தப்பாகச் சொன்னது நான்தான். கோலைத் தப்பாக நீட்டியவனும் நான்தான். இதோடு சேர்த்து, ஊர் அதிகாரி முன் எழுதி முத்திரை வைத்த தாள் ஒன்று அனுப்புகிறேன். ஸ்பானிய மொழியில் இருக்கிறது, அங்கே யாராவது படித்துச் சொல்வார்கள்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதே. அதைத் தாளில் எழுதவில்லை. நீதிமன்றத்துக்கு அது வேண்டாம்.

இது நேரத்துக்கு வந்துசேர வேண்டும்.

ரூரி


ஆர்ட்லோவன்
12 அக்டோபர் 1931

ரூரி,

நீ ஆகஸ்டில் எழுதியது நேற்று வந்தது. உன் விரல்கள் குணமாகட்டும்.

அச்சில் இருப்பதை ஒப்பமிடச் சொல்கிறாய். வரைபடத்தை யார் படிக்கிறார்கள் என்று கேட்கிறாய். துரையின் வக்கீல் படிக்கிறார். என் ஜூலைக் கடிதம் உனக்குக் கிடைத்ததா, இல்லையா? கிடைத்தும் இப்படி எழுதினாயா? எனக்கு எதுவுமே புரியவில்லை. உன் ஆட்டின் கதையை முர்டோ வீட்டில் படித்துக் காட்டினேன், உன்னிடமிருந்து ஏதாவது உதவி வருமா என்று கேட்க அங்கே கூடியிருந்தவர்களுக்குப் படிக்க வேறு எதுவும் இல்லாததால். முர்டோ சிரித்தான். ரானெட் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஒரு விஷயம் சொல்கிறேன். நான் ஒப்பமிடவில்லை. தாள்கள் என் மேசையில்தான் இருக்கின்றன.

மார்சலி


ஆர்ட்லோவன்
30 நவம்பர் 1931

அன்புள்ள ரூரிக்கு,

கர்த்தர் உன்னைச் சுகமாய் வைக்கட்டும். எனக்கு இருமல், அவ்வளவுதான். உன் அக்டோபர்க் கடிதம் முத்திரைத் தாளோடு நேற்று முன்தினம் வந்தது. விசாரணை முடிந்து நாலாம் நாள். ஆகவே உன் தாளை யாரும் பார்க்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவசரப்படாமல் படி.

பள்ளிக்கூடத்தில்தான் விசாரணை வைத்தார்கள். அதிகாரி தலை நரைத்தவர், கேலிக் நன்றாகப் பேசுகிறார், தீவுப்பக்கத்துக்காரர். அவர் பின்னால் சுவரில் அதே வரைபடம். நான் பயந்தபடியே எல்லாம் நடந்தது. வடக்கு வீட்டார் கல் என்றார்கள், மருமகன் மீன் என்றான். டூகல், "ஐயா, என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் காட்டறேன்" என்றார். வக்கீல் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். என் முறை வந்ததும் அம்மா சொன்னதைச் சொன்னேன். "உங்க அம்மா எழுதி வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

வேறு யாராவது உண்டா என்று அதிகாரி கேட்டார். பின்பெஞ்சில் ரானெட் எழுந்தாள். அவள் பெயர் பட்டியலில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முர்டோ அவள் எங்கோ வெளியே போகிறாள் என்று நினைத்துக் காலை ஒதுக்கி வழிவிட்டான்.

"மேல் ஓடைதான் புள்ளி ஓடை, ஐயா. என் பேரு அங்க இருக்கறது தப்பு" என்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதை வச்ச ஆளே எங்கிட்ட வந்து சொன்னான். சர்வேக்காரர் போன மறுநாள். இவங்க தம்பி, ரூரி." என்னைக் கை காட்டினாள். "வாயில வந்துடுச்சுன்னான். உன் பேரை மேல வச்சதால, புள்ளிங்கற பேரைக் கொண்டுபோய்க் கீழ வச்சுட்டேன்னான்."

வக்கீல் எழுந்தார். "இந்த நிலம் போனா உங்க வீட்டுக்குத்தான் அதிக நஷ்டம். இப்ப இப்படிச் சொல்றது உங்களுக்கு லாபம்தானேம்மா?"

"லாபம்னா ஜூலையிலயே சொல்லியிருக்க மாட்டேனா? கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். மூணு பிள்ளைங்க. புருஷன் இங்க உட்கார்ந்திருக்கார். இதைச் சொல்றதுல எனக்கு என்ன லாபம்னு இங்க இருக்கற பொம்பளைங்களைக் கேளுங்க."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி முர்டோவைப் பார்த்தார். "உங்களுக்கு இது தெரியுமா?"

முர்டோ எழுந்து நின்று தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யாரோ பழைய ரானெட்னு சொன்னா. நான் நம்பிட்டேன். இப்ப இப்படிச் சொல்றா. இதையும் நம்பறேன்" என்றான்.

மறுநாள் காலை அதிகாரியை மலைக்கு அழைத்துப்போனோம். ரானெட் மண்வெட்டியோடு முன்னால் நடந்தாள். கீழ் ஓடையின் சிறு அருவிக்குப் பக்கத்தில் பாசியையும் மண்ணையும் வெட்டி ஒதுக்கினாள். உள்ளே நாலு பக்கமும் கல் பதித்த குழி. தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. கோடையில் மேலே மாடு மேய்த்த காலத்தில் வெண்ணெய்த் தொட்டிகளைக் குளிர்ச்சியாக வைத்த இடம். நானே மறந்திருந்தேன். "ஆம்பளைங்க யாருக்கும் இது தெரியாது ஐயா. அவங்க வெண்ணெயைத் தின்னதோட சரி" என்றாள். அதிகாரி மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குறிப்புப் புத்தகத்தில் நிறைய எழுதினார். தீர்ப்பு எழுத்தில் வரும். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பயமில்லை.

இறங்கி வரும்போது அவளும் நானும் பின்தங்கினோம். நான் கேட்காமலே சொன்னாள்.

"வந்து சொன்னப்ப நான் சிரிக்கல அக்கா, திட்டினேன். ஊர் தண்ணிக்கு என் பேரு வைக்க நீ யாரு, முதல்ல சர்வே ஆபீசுக்குப் போய்த் திருத்திட்டு வா, அப்புறம் எங்கப்பாகிட்ட வந்து பேசுன்னு சொன்னேன். அந்த வாரமே போனான். வரல. கப்பல்லேருந்து உங்களுக்குக் கடுதாசி வந்துதுன்னு கேள்விப்பட்டேன். எனக்கு வரல. திருத்தப் போனவன் என் பேரு வச்சதே தப்புன்னு முடிவு பண்ணிட்டான்போலன்னு நினைச்சுக்கிட்டேன். வருஷத்துக்கு ஒரு தரம் கோயில்ல வர்ற கோடைத் திருவிருந்து ரெண்டு போச்சு. அப்புறம் முர்டோ வந்து கேட்டார்."

நீ பட்டணத்துக்கு வேலை தேடிப் போகிறாய் என்றுதான் எங்களிடம் சொல்லிவிட்டுப் போனாய். இருபத்தாறு வருடமாக நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எதை நினைப்பது என்று தெரியவில்லை. நீ சர்வே ஆபீசுக்குப் போனாயா, இல்லையா? கேட்காதே என்று எழுதியிருக்கிறாய். இருந்தாலும் கேட்கிறேன், ஏனென்றால் கேட்பது நான் மட்டும் இல்லை.

உன் அக்கா,
மார்சலி


பாட்டகோனியா
24 ஜனவரி 1932

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இருமல் தீர்ந்ததா? நான் சுகம். கம்பளி வெட்டும் காலம், ஐம்பது பேருக்குச் சாப்பாடு, சத்தம். அதனால்தான் இதை எழுதப் பத்து நாள் ஆனது. அதனால் மட்டும் இல்லை.

அன்றைக்கு மேல் ஓடைக்கரையில் சர்வேக்காரரும், கேலிக் தெரிந்த அவருடைய சிப்பாயும், நானும் நின்றோம். அந்தக் கரையில் ரானெட் போர்வைகளை மிதித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். சிப்பாய் கேட்டான், "இதுக்கு என்ன பேரு?" அவன் ஓடையைக் கேட்டான். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்தபோது சர்வேக்காரர் எழுதியும் முடித்திருந்தார். இல்லை ஐயா என்று சொல்ல வேண்டிய நேரம் ஒரு மூச்சளவுதான், அதை விட்டுவிட்டேன். பிறகு அவர் பழைய காகிதத்தில் புள்ளி ஓடை என்று இருக்கிறதே, அது எது என்று கேட்டார். எங்காவது இருந்தாக வேண்டும் என்று கீழே கோலை நீட்டிக் காட்டினேன்.

நான் பட்டணம் போனது வேலைக்கு இல்லை. சர்வே ஆபீசுக்குத்தான். இரண்டு ஓடைகளையும் ஒரு தாளில் வரைந்து சட்டைப் பையில் வைத்திருந்தேன். பெரிய கதவு. அங்கே நின்ற காவலாள் என்ன வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டார். கெட்டவர் இல்லை, மூன்று தரம் பொறுமையாகக் கேட்டார். பள்ளிக்கு நான் போன நாட்களை விரலில் எண்ணிவிடலாம், உனக்குத் தெரியும். நீ வேதப்புத்தகத்தை வைத்துக் கற்றுக்கொடுத்த எழுத்து கேலிக் எழுத்து. எனக்கு "ஆம் ஐயா" வரும், "நன்றி ஐயா" வரும். தாளை நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ முகவரி கேட்கிறேன் என்று நினைத்து, ரயில் நிலையத்துக்கு வழி காட்டினார். நானும் "நன்றி ஐயா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மறுநாளும் போனேன். தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றேன், கதவு திறப்பதையும் மூடுவதையும் பார்த்துக்கொண்டு. மூன்றாம் நாள் கப்பல் துறையில் ஒருவர் கேலிக்கில் பேசியது காதில் விழுந்தது. தெற்கே ஆடு மேய்க்க ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் நான் சொன்னதைப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். மூன்று வருடம் என்று ஒப்பமிட்டேன். அதற்குள் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு திரும்பிப்போய்த் திருத்தலாம் என்று நினைத்தேன். இங்கே பேசுவது ஸ்பானிய மொழி.

திருத்தாமல் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? அவளுக்கு எழுதவும் அதனால்தான் இல்லை. என்ன எழுதுவேன், கதவைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை என்றா? அப்புறம் அவள் கல்யாணச் செய்தியை நீயே எழுதியிருந்தாய்.

நான் வைத்த பெயர் தப்பு என்று ஒருநாளும் நினைக்கவில்லை. வைத்த இடம்தான் தப்பு. இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று நீ முடிவு செய். முர்டோ நல்ல மனிதன் என்று தெரிகிறது. அவன் இருக்கும்போதே சொல்.

உன் தம்பி,
ரூரி


ஆர்ட்லோவன்
16 ஏப்ரல் 1932

அன்புள்ள தம்பி ரூரிக்கு,

கர்த்தருக்கு நன்றி, எல்லாரும் சுகம். இருமல் பிப்ரவரியோடு போயிற்று. குட்டிகள் நிறைய, இரட்டைகளே பதினொன்று.

தீர்ப்பு மார்ச்சில் வந்தது. எல்லை மேல் ஓடைதான். பச்சைச் சரிவு நம்முடையது. துரை மான்களை வேறு பக்கம் வளர்த்துக்கொள்ளலாம். வெண்ணெய்க் குழியைப் பற்றி மட்டும் தீர்ப்பில் அரைப்பக்கம் எழுதியிருக்கிறார்கள். டூகல் அதைத் தனக்கு இரண்டு தரம் படித்துக் காட்டச் சொன்னார், தன் பெயர் எங்காவது வருமா என்று.

சர்வே தாள்களிலும் ஒப்பமிட்டு அனுப்பிவிட்டேன். ரானெட் ஓடையைச் சிவப்பு மையால் அடித்து, மேலே புள்ளி, கீழே வெண்ணெய் என்று எழுதினேன். எத்தனையோ பேர் மரணத்தைப் பதிந்த கைதான், அந்த ஒரு கோட்டைப் போடுவதற்குள் பேனாவை இரண்டு தரம் கீழே வைத்தேன்.

நீ சொன்னபடி முர்டோ இருக்கும்போதே சொல்லப் போனேன். நேற்று இருவரும் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் குழி தோண்ட, அவள் கிழங்கை வைத்துக்கொண்டே வந்தாள். ரூரியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, படிக்கட்டுமா என்றேன். முர்டோ மண்வெட்டியை ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டு, "படி, கேட்போம். இத்தனை வருஷம் அவ பேருல தண்ணி குடிச்சிருக்கேன், எனக்கும் தெரியணுமில்ல" என்றான்.

முழுவதும் படித்தேன், ஒரு வரியும் விடாமல். பெரிய கதவு, காவலாள், ரயில் நிலையம், எதிர்த் தெரு, எல்லாம். ரானெட் குனிந்தபடியே கேட்டாள். நான் படித்து முடித்தபோது அவள் கையில் இருந்த கிழங்கு இன்னும் கையிலேயே இருந்தது.

"இங்கிலீஷ் வரலேன்னா என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே அக்கா" என்றாள். "நான் இன்வர்னஸ்ல ரெண்டு வருஷம் ஒரு டாக்டர் வீட்டுல வேலை பார்த்தவ. எனக்கு நல்லா வரும்."

முர்டோ அடுத்த குழியைத் தோண்டினான், அவள் கிழங்கை வைத்தாள். நானும் வரிசையின் கடைசிவரை அவர்களோடு நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

உன் விரல்கள் எப்படி இருக்கின்றன என்று எழுது.

உன் அக்கா,
மார்சலி